நடமாடும் கிரஷர்: அந்த டன் கணக்கு யார் கல்லுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்குவாரிகளிலும் கட்டட இடிபாடுகளிலும் பயன்படும் நடமாடும் கிரஷர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் 'மணிக்கு இத்தனை டன்' என்ற எண்தான் முன்னால் நிற்கிறது. அது காய்ந்த, மண் கலவாத, அளவாக உடைத்த கல்லுக்குப் போட்ட கணக்கு. இடிபாட்டுக் குவியலுக்குப் பொருந்தாது. இந்த இயந்திரங்களை ஓட்டிப் பராமரிப்பவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறோம்.

இரு எஃகுத் தாடைகளுக்கு நடுவே கல்லை நெரித்து உடைக்கும் ஜா கிரஷரின் வாய் 600 மி.மீ. திறப்பு உடையது என்றால் 600 மி.மீ. கல்லைப் போடலாம் என்று பொருளல்ல. அதில் 80 சதவீதம், அதாவது 480 மி.மீ.தான் எல்லை. அதைவிடப் பெரிய கல் இரு தாடைகளுக்கும் மேலே பாலம்போல் உட்கார்ந்துவிடும். கீழே ஒன்றும் இறங்காது. அதை எடுக்கக் கடப்பாரையோடு ஆளை உள்ளே இறக்குவது உயிரோடு விளையாடுவது. இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபிளைவீல் சுழலும். அது நின்றபின்னும் நெருக்குண்ட கல் தெறிக்கலாம். பெரிய கற்களை எக்ஸ்கவேட்டரில் மாட்டும் இடிசுத்தியலான பிரேக்கரால் முன்கூட்டியே உடைத்துப் போடுவதுதான் வழி.

தாடைகளின் கீழ்முனையில், கல் வெளியேறும் இடைவெளியை 50 மி.மீ. வைத்தால் ஜல்லி முழுவதும் 50-க்குள் வரும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. தட்டையான கல் நீளவாக்கில் நழுவி வந்துவிடும். பின்னால் சல்லடையும், தங்கியதைத் திருப்பி அனுப்பும் பெல்ட்டும் இல்லாவிட்டால் அளவுக்கு உத்தரவாதமில்லை. வாயில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலும் தட்டைக் கல் கூடும். கல்லோடு கல் நெருங்கி உடையும்படி அறையை நிரப்பியே ஓட்ட வேண்டும்.

இடிபாட்டில் பெரிய எதிரி கான்கிரீட் அல்ல, அதனுள் இருக்கும் கம்பி. நீளக் கம்பி தாடைக்குக் கீழே நெட்டுக்குத்தாக இறங்கி, ஒரு முனை சட்டத்தில் மாட்டிக்கொள்ள, மறு முனை ஓடும் பெல்ட்டில் குத்தி நிற்கும். பிறகு பெல்ட் தன்னைத்தானே கிழித்துக்கொள்கிறது, தையல் பிரிவதுபோல நீளத்துக்கும். இதற்காகவே கம்பியைக் கைமுழ நீளத்துக்குள் வெட்டிப் போடச் சொல்கிறோம். மேலே தொங்கும் காந்தம் இருக்கிறதே என்பார்கள். பெல்ட்டில் ஜல்லி தடிமனாக ஓடினால் அடியில் புதைந்த கம்பியைக் காந்தம் இழுக்காது.

எக்ஸ்கவேட்டர் பக்கெட்டின் பல் கழன்று உள்ளே போனால் முதலில் உடைய வேண்டியது, அசையும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டாகில் பிளேட் என்ற தகடு. மின்சுற்றில் ஃபியூஸ் எப்படியோ, ஜா கிரஷரில் அது அப்படி. 'அடிக்கடி உடைகிறது' என்று தடித்த தகட்டை வெட்டி வெல்டு வைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அடுத்த முறை தகடு தப்பிக்கும். ஷாஃப்டோ பேரிங்கோ போகும்.

கிரானைட்டுக்கும் பசால்ட்டுக்கும் ஜா கிரஷர்தான் முதல். சிலிக்கா மிகுந்த கல்லை, சுழலும் அடிபட்டைகளால் அடித்து உடைக்கும் இம்பாக்ட் கிரஷரில் விட்டால் அந்தப் பட்டைகள் விரைவில் தேய்ந்துபோகும். சுண்ணாம்புக் கல்லுக்கும் கம்பி நீக்கிய கான்கிரீட்டுக்கும் இம்பாக்ட் நன்றாகவே வேலை செய்யும். ஜல்லியும் கனசதுரமாக வரும். தாடையின் மேல் பொருத்தும் ஜா பிளேட்டின் மாங்கனீஸ் எஃகு அடி வாங்க வாங்கத்தான் இறுகும். மெத்தென்ற பொருளையே அரைத்துக்கொண்டிருந்தால் இறுகாமலே தேயும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

களிமண்ணை, கல்லை வாய்க்குள் தள்ளும் ஃபீடரின் கம்பிச் சல்லடையிலேயே பிரித்துத் தனி பெல்ட்டில் தள்ளிவிட வேண்டும். உள்ளே போனால் தாடைப் பள்ளங்களில் அப்பிக்கொண்டு அடைக்கும். தூசிக்குத் தண்ணீரை மெல்லிய தூவலாக, கல் விழும் ஒவ்வொரு இடத்திலும் தெளிக்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் சல்லடைதான் அடைபடும். தெளிக்காமலே விட்டால் சிலிக்கா தூசி தொழிலாளர் நுரையீரலுக்குப் போகும். ஜிப்சம், மரம், ஆஸ்பெஸ்டாஸ் தகடு மூன்றும் குவியலிலேயே விலக்கப்பட வேண்டியவை. ஆஸ்பெஸ்டாஸ் ஒரு துண்டுகூட உள்ளே போகக்கூடாது.

வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் விற்பவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: எங்கள் குவியலையே போட்டு, எங்களுக்கு வேண்டிய இடைவெளியில், ஒரு முழு ஷிப்டு ஓட்டி, அடைப்பு எடுத்த நேரத்தையும் சேர்த்து எத்தனை டன் வந்தது என்று எடைபோட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கிரஷர் இயக்குநர்கள், பராமரிப்பாளர்கள் சிலர்