செட்டைக்கு ஊர்ப்பேர் ஒட்டிய கதை

பஃபலோ, நியூயோர்க்

அன்பின் அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டதா? இங்கே பனி இன்னும் விடவில்லை.

உங்கள் கணவாய்ப் பொரியலை உப்புவெளியில் இன்னும் இரண்டு கடைக்காரர் அப்படியே போடத் தொடங்கிவிட்டார்கள் என்று போனகிழமை கவலைப்பட்டீர்கள். இரவு முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்வது ஒரு பாரின் குசினியில். வேலை, கோழிச் செட்டை பொரிப்பது; வெளியூர்க்காரர் ‘பஃபலோ விங்ஸ்’ என்பார்களே, அதுதான். நுனியை வெட்டிவிட்டு, மூட்டில் இரண்டாக்கி, மா ஒன்றும் தடவாமல் கொதியெண்ணெயில் மொறுமொறுவென்று வரும்வரை விடவேண்டும். பட்டரை உருக்கி மிளகாய் சோஸோடு கலந்து, பெரிய சட்டிக்குள் செட்டையைக் கொட்டி ஊற்றிக் குலுக்கும்போது எழும்புகிற ஆவியில் கண் எரியும். தொட்டுக்கொள்ள புளூ சீஸ், கடிக்க செலரித் தண்டு. அம்மா சூப்புக்குப் போடுகிற அதே செட்டைதான் அண்ணா!

1964இல் இந்த ஊர் ஆங்கர் பாரில் தெரேசா பெலிசிமோ என்ற அம்மாதான் இதை முதலில் செய்தார் என்கிறார்கள். அதே காலத்தில் ஜோன் யங் என்ற கறுப்பினத்தவரும் முழுச் செட்டையை மாவில் தோய்த்துப் பொரித்து, மம்போ சோஸ் என்ற தக்காளிச் சோஸ் ஊற்றி விற்றிருக்கிறார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பிறகு இங்கே இரும்பாலைகள் மூடப்பட்டன. 1950இல் 5 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1990இல் 3 லட்சத்து 28 ஆயிரம் பேர்தான். வேலை தேடிப் போனவர்கள் போன இடமெல்லாம் செட்டை கேட்டார்கள். சிலர் தாங்களே கடை போட்டார்கள். 1982இல் ஒஹாயோவில் தொடங்கிய பஃபலோ வைல்ட் விங்ஸ் என்ற கடைத்தொடரும் இந்த ஊர்ச் செட்டை அங்கே கிடைக்கவில்லை என்று போட்டதுதான். அந்த நாளில் சனம் எலும்பில்லாத நெஞ்சிறைச்சியைத் தேடி வாங்க, செட்டை மலிவாகக் கிடந்தது. உறைப்பும் உப்பும் பியரை இன்னும் கேட்கவைக்கும் என்பது பார்க்காரருக்குத் தெரியாதா? இன்று அமெரிக்காவில் இது இல்லாத பாரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இந்த ஊருக்குள் ஒருவரும் ‘பஃபலோ விங்ஸ்’ என்று சொல்வதில்லை, வெறும் ‘விங்ஸ்’தான். வெளியே போன பிறகுதான் ஊர்ப்பேர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களும் செய்யச் செய்யத்தான் பேர் பரவும்; அதனால் அந்த இரண்டு கடைக்காரரோடும் கோபிக்காதேங்கோ.

கணவாய்க்கு மிளகு எவ்வளவு, தேசிக்காய் எப்போது பிழிகிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கோ. ஞாயிற்றுக்கிழமை குசினிப் பெடியளுக்குப் பொரித்துக் கொடுக்கப் போகிறேன். திருகோணமலைக் கணவாய் என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

அன்புடன்,
தம்பி