1952 எம்.ஜி. டி.டி. காரின் அசலைக் கெடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம்,
பாலக்காடு மாவட்டம், கேரளா.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பழைய கார் சீரமைப்புப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: சீரமைப்பு வேலையில் உள்ள குறைகள், தவறான மதிப்பீட்டு அறிக்கை, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தராதது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

உங்கள் பட்டறையில் சீரமைப்புக்குக் கொடுத்த என்னுடைய எம்.ஜி. டி.டி. கார் சென்ற மாதம் வீடு வந்து சேர்ந்தது. கூடவே உங்கள் நிறுவன முத்திரையுடன் ஒரு மதிப்பீட்டு அறிக்கையும் வந்தது. அதில் ‘அசல்தன்மை: மிகச் சிறப்பு. சீரமைப்புத் தரம்: மிகச் சிறப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். பளபளப்பைத் தரம் என்றும், புதிதாகப் போட்டதை அசல் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

எம்.ஜி. கம்பெனியின் இந்த ஸ்போர்ட்ஸ் கார் மாடல் இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1949 முதல் 1953 வரை மட்டும் தயாரானது. மொத்தம் 29,664 வண்டிகள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. நம் பக்கம் தேயிலைத் தோட்டக்காரர்கள் வைத்திருந்தவற்றில் ஒன்றை என் தாத்தா விலைக்கு வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையிலேயே இருந்தது. ஓட்டம் குறைவு, அதனால் பாகங்கள் மாறவில்லை. மழையிலும் ஈரத்திலும், பாடித் தகரத்துக்கு உள்ளே இருக்கும் மரச்சட்டத்தின் அடிப்பகுதி உளுத்திருந்தது. பெயிண்ட் மங்கியிருந்தது. அவ்வளவுதான். அதனால்தான் ஒப்பந்தத்திலேயே, ‘உளுத்த மரம் மட்டும் மாற்றப்படும், கழற்றிய ஒவ்வொரு பாகமும் சீட்டுக் கட்டித் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்கினேன். அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

முதலில் கதவு. இந்த வண்டியில் கதவுக்குக் கீல் பின்பக்கம், பூட்டு முன்பக்கம். ஓடும்போது பூட்டு விட்டுப்போனால் எதிர்க்காற்று கதவைச் சாத்தாது, பிடித்து விரித்துவிடும். எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பேச்சு இல்லை. வேலந்தாவளம் சாலையில் போகும்போது இடது கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என் மகள். நல்லவேளை, வேகம் குறைவு.

ஊர் ஆசாரியை வைத்து உள்பக்கத் துணியை விலக்கிப் பார்த்தோம். கதவு தொங்கும் மரக்கால் முழுக்கப் புதியது. அதுவும் பிளைவுட் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தது. கீல் திருகுகள் ஒட்டின விளிம்பில் ஏறியிருக்கின்றன. கையால் அசைத்தாலே ஆடுகின்றன. ஆட்டம் தெரியாமலிருக்க ஓர் இரும்பு ஆங்கிளை முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். தொழிற்சாலையில் போட்டது ஆஷ் மரம். அது குலுக்கலைத் தாங்கி வளைந்து கொடுக்கும், ஆணியை விடாது. அதனால்தான் இந்தக் காரின் தகரத்தை அந்தச் சட்டத்தின் மேல் அடித்தார்கள். நம் ஊரில் ஆஷ் கிடைப்பது சிரமம் என்பது எனக்கும் தெரியும். நன்றாகக் காய்ந்த தேக்கைப் பழைய அளவுக்கு இழைத்துப் போட்டு, அதை அறிக்கையிலும் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ‘கம்பெனியிலேயே பிளைவுட் தானே போட்டான்’ என்று உங்கள் மேற்பார்வையாளர் போனில் சொன்னார். தரைப்பலகை பிளைவுட்தான், உண்மை. கதவுக்கால் பிளைவுட் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாதவர் இந்த வேலையைத் தொட்டிருக்கக் கூடாது. மர வேலைக்கு மட்டும் பில்லில் 3,40,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது எஞ்சின். வண்டியை நிறுத்தினால் அடியில் ஆயில் தேங்குகிறது. எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்த எங்கள் மெக்கானிக், பாதி போல்ட்டுகள் மரையைத் தின்றுவிட்டன என்றார். இந்த 1250 சிசி எஞ்சினைச் செய்த கவென்ட்ரி தொழிற்சாலை முதலில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியுடையது. 1923-ல் அது இங்கிலாந்துக் கார் முதலாளி மோரிஸ் கைக்கு வந்தது. இயந்திரங்களெல்லாம் மெட்ரிக் அளவில் இருந்ததால் மரையை மெட்ரிக்கில் வெட்டினார்கள். ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்குகள் கையில் இருந்ததோ விட்வொர்த் என்ற அங்குல அளவு ஸ்பானர். அதனால் போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்தார்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இந்த எஞ்சினில் மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். கடையில் கேட்டவுடன் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 1.25. அதை இதில் போட்டால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். இறுகுகிறதே என்று நின்று பார்க்காமல், பலத்தைப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். எழுபது வருஷம் கெடாமல் இருந்த மரை உங்கள் பட்டறையில் போய்விட்டது. பழைய போல்ட்டுகள் எங்கே என்று கேட்டால் ‘துருப்பிடித்தது சார், தூக்கிப் போட்டுட்டோம்’ என்கிறார்கள். அவை துருவைத் தேய்த்து மறுபடி போட வேண்டியவை. விலைக்குத் தேடினாலும் லேசில் கிடைக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. வண்டியின் இரும்பு அடிச்சட்டமான சேஸிஸின் முன்பக்கத்தில் வண்டி எண்ணைக் குத்தியிருப்பார்கள். அதே எண் பானட்டுக்குள் பித்தளைத் தகட்டிலும் இருக்கும். எஞ்சினுக்குத் தனியாக எட்டுமூலைப் பித்தளைத் தகடு உண்டு. எம்.ஜி.க்காரர்கள் இந்த எண்களை எவ்வளவு பிரியமாகப் பார்த்தார்கள் என்றால், தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதால் வண்டி வரிசையையே 0251-ல் தொடங்கினார்கள். நீங்கள் சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் கனமான பூச்சு, கொடுத்திருக்கிறீர்கள். எண் அதில் மூழ்கிவிட்டது. டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் இரண்டு இலக்கங்களின் நிழல் தெரிகிறது, மற்றவை தெரியவில்லை. எஞ்சின் தகட்டையோ எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டிய புதுத் தகடு ஒன்றை ரிவெட் அடித்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவத்திலேயே பராமரிக்கப்படும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. தாத்தா பெயரில் உள்ள ஆர்.சி. புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு அதிகாரி வந்து புத்தகத்தையும் சேஸிஸையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, எண் தெரியாத இரும்பையும் நேற்று செய்த தகட்டையும் நான் எப்படிக் காட்டுவேன்? திருட்டு வண்டி என்று சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஸ்போக் சக்கரம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கிளாசிக் லுக்’ என்று சொல்லி நான் கேட்காமலேயே மாட்டியிருக்கிறீர்கள். டி.டி. மாடலுக்குத் தொழிற்சாலை ஸ்போக் சக்கரம் கொடுத்ததே கிடையாது. தகட்டுச் சக்கரம்தான். விவரம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார்.

பெயிண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பளபளப்பு நன்றாகவே இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துணி சுற்றிய காந்தத்தை வலது முன் மட்கார்டில் வைத்தால் ஒட்டாமல் கீழே விழுகிறது. பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை வைத்தோம். 100 முதல் 200 மைக்ரான் இருக்க வேண்டிய இடத்தில் 1,500-ஐத் தாண்டுகிறது. தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் வேலைக்குப் பதிலாகப் பட்டி என்ற நிரப்புப் பசையை அப்பி, தேய்த்து, வளைவு கொண்டுவந்திருக்கிறீர்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் அது வெடிக்கத்தான் போகிறது.

சீட்டுத் தோல் வெடித்திருந்தது, கிழியவில்லை. எண்ணெய் ஊட்டினால் பிழைத்திருக்கும். என் தாத்தாவும் அப்பாவும் உட்கார்ந்த தோல் அது. அதை உரித்துவிட்டு ரெக்ஸின் போட்டிருக்கிறீர்கள். உரித்த தோலாவது பட்டறையில் இருக்கிறதா, இல்லையா? இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

‘இப்போ ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இருக்கு, அதுக்கு மேல என்ன வேணும்’ என்பது உங்கள் தரப்பின் பதில். எது தொழிற்சாலையிலிருந்து வந்தது, எதை மாற்றினார்கள் என்பது அசல்தன்மைக் கணக்கு. மாற்றிய இடத்தில் எவ்வளவு ஒழுங்காகச் செய்தார்கள் என்பது தரக் கணக்கு. முதல் கணக்கில் நீங்கள் மாற்றியதை மறைத்திருக்கிறீர்கள். இரண்டாவதில் வேலையே சரியில்லை. மாற்றிய பாகங்களின் பட்டியல், கழற்றும்போது எடுத்த படங்கள், எந்த மரம், எந்தப் பெயிண்ட் என்ற விவரம் எதுவுமே உங்கள் அறிக்கையில் இல்லை. இப்படி ஒரு தாளை நம்பி வேறொருவர் பணம் கொடுத்து இந்த வண்டியை வாங்கினால், அவரை ஏமாற்றிய பாவம் என் தலையில் விழும். அதனால் அந்த அறிக்கையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவைதான். பழைய எஞ்சின் தகடு, சக்கரங்கள், போல்ட்டுகள், சீட்டுத் தோல், கழற்றிய மரம் என எது மிச்சமிருந்தாலும் உடனே திருப்பித் தர வேண்டும். சேஸிஸ் எண் உள்ள இடத்தில் மட்டும் பவுடர் கோட்டிங்கை ரசாயனத்தால், என் முன்னிலையில் நீக்க வேண்டும். கிரைண்டரோ உப்புத்தாளோ அந்தப் பக்கமே வரக் கூடாது. கதவுக்கால் இரண்டையும் முழு மரத்தில் மாற்ற வேண்டும். கெட்ட மரைகளைச் சரியான அளவில் மீட்க வேண்டும். வலது மட்கார்டைத் தகரம் வரை உரித்துத் தட்டி எடுக்க வேண்டும். மர வேலைக்கும் ஸ்போக் சக்கரத்துக்கும் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். என்னென்ன மாற்றினீர்கள் என்று உண்மையை எழுதிய புது அறிக்கை தர வேண்டும். இதுவரை நான் போனில் கேட்டதற்கெல்லாம் வாய்வார்த்தையாகவே பதில் வந்தது. இனி எழுத்தில் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒப்பந்த நகல், பில், கொடுப்பதற்கு முன் எடுத்த படங்கள், இப்போது எடுத்த படங்கள், மீட்டர் அளவுகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அதுவரை வண்டி கொட்டகையில்தான் நிற்கும். நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் முந்தின நாள் சொல்லிவிட்டு வாருங்கள், ஆசாரியையும் மெக்கானிக்கையும் வரச் சொல்கிறேன். வரும்போது சீட்டுத் தோலைக் கையோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை.