அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்

ஆசிரியருக்கு,

காலி செய்த வீட்டின் அட்வான்ஸைத் தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களைப் பற்றிச் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னைப் போன்றவர்களிடம் இருக்கிறது.

கோட்டையூரில் எங்கள் பழைய வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் நான் இருக்கிறேன். முன்பக்கத்தைத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம்.

வேலை மாற்றலாகி வந்த ஒரு தம்பி குடியிருந்தார். கிளம்பும் முன் இரண்டு மாதம் வாடகை தரவில்லை. கேட்டால், "அட்வான்ஸில் கழிச்சுக்கங்க ஆச்சி" என்றார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், அதுதான் வம்பே. அட்வான்ஸ் வாங்குவது சேதாரத்துக்கும் பாக்கிக்கும். அதை வாடகையாகவே தின்று தீர்த்துவிட்டால், ஆள் போன பிறகு தெரியவருவதற்கு யார் காசு கொடுப்பது?

அப்படித்தான் ஆனது. முகப்பில் பெயின்ட் சிந்தியதைப் போக்க, கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார். அங்கே பதித்திருப்பது ஆத்தங்குடித் தரைக்கல். அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தட்டின் மேல் வண்ண சிமென்ட்டை ஊற்றி, தண்ணீரில் ஊற வைத்துக் காய வைப்பது. ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்து வெளுத்துவிடும். ஈரத்துணி போதும், எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தேன். "தரைன்னா தேயத்தானே செய்யும்" என்று வாதம் வேறு. நடந்து தேய்ந்தால் என் பாடு. ஆசிட் ஊற்றுவது தேய்மானமா? புதுக்கல் போட்டாலும் பழைய நிறத்தோடு சேரவில்லை. அந்த நிறக் குறைக்கு நான் விலை போடவில்லை. போட்டால் பங்காளிகள்தான் சிரிப்பார்கள்.

மீதி 9,000-த்தில் கல்லுக்கும் கொத்தனார் கூலிக்கும் 4,200, கரண்ட் பில் 1,380, உடைந்த தண்ணீர்க் குழாய்க்கு (டேப்) 560 பிடித்தேன். கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே, ஆள் போன பிறகுதான் பில் வரும். அதனால் காலி செய்யும் அன்றே மீட்டரைப் படம் எடுத்துவைத்தேன். பாக்கி 2,860-ஐ, சட்டம் சொல்லும் ஒரு மாதக் கெடுவுக்குள் அவர் வங்கிக் கணக்கில் போட்டு, ரசீதுகளோடு கணக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் கத்தினார். "எழுதிக் கேளுங்க தம்பி, எழுதியே பதில் தர்றேன். வாடகை அதிகாரியிடம் போனாலும் இதே தாளைத்தான் காட்டுவேன்" என்றேன். இதுவரை எழுதவில்லை.

வெள்ளையடிப்புக்கு நான் ஒரு பைசா பிடிக்கவில்லை. காலி செய்தாலே ஒரு மாத வாடகை வெள்ளையடிக்க என்று கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது நம் பக்கத்து வழக்கம். ஒப்பந்தத்தில் வேறாக எழுதவில்லை என்றால் சுவருக்கு வெள்ளையும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட்டும் வீட்டுக்காரர் செலவு என்று அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. டேப், சுவிட்ச், பூட்டு இவையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சென்ற வாரம் எழுதிய வாசகரிடம் வெள்ளையடிக்க என்று பிடித்திருந்தால், ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பணத்தை அவர் எழுதிக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வீட்டுக்கார ஆச்சி,
கோட்டையூர்.