பட்டர் குக்கீஸ் செய்முறையும் யாழ்ப்பாணத்து வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் வார வெளியீட்டில் வரும் சமையற் குறிப்புகளை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கும் வாசகிகளுள் நானும் ஒருத்தி. அப்பகுதியில் அண்மைக்காலமாகக் கேக், குக்கீஸ் வகைகள் கூடுதலாக இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியதே. மேசைமேல் வைக்கும் சிறிய மின் போறணை இப்போது எங்கள் ஊர்களில் பல வீடுகளில் இருக்கிறது. ஆயினும், சில வாரங்களுக்கு முன்னர் வெளியான தேசிக்காய்ப் பட்டர் குக்கீஸ் செய்முறை, குளிர் நாடொன்றின் சமையலறைக்கென எழுதப்பட்டதை அப்படியே எடுத்துப் போட்டது என்பது முதல் இரண்டு வரிகளிலேயே தெரிந்துவிட்டது. அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர்களுக்குத் தட்டில் ஒரே பாளமாகப் பரவிய எண்ணெய்ப் பிஸ்கற்றோ, தேநீரில் தோய்த்தாலன்றிக் கடிக்க முடியாத ஒரு பண்டமோதான் கிடைத்திருக்கும். பட்டர் விற்கும் விலையில் ஒரு தட்டுக் குக்கீஸ் வீணாவது சிறிய நட்டமன்று. குறை அவர்களின் கைப்பக்குவத்தில் இல்லை, அச்சில் வந்த செய்முறையில்தான் இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறேன்.

பட்டரை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அவ்வாறு எழுதியவரின் மனதில் இருந்த அறை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ் கொண்டது. பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் குசினிகளில் நண்பகல் வெப்பம் 32, 33 பாகையைச் சாதாரணமாகத் தொடும். பட்டரின் கொழுப்போ 32 முதல் 35 பாகைக்குள் முற்றாகவே உருகிவிடும். பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிப்பது இரண்டையும் கலப்பதற்கு மட்டுமன்று. சீனிப் பரல்களின் கூரிய ஓரங்கள் சற்று இறுக்கமான பட்டருக்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. அவையே பின்னர் போறணைச் சூட்டில் விரிந்து குக்கீயை மென்மையாக்குகின்றன. உருகிய பட்டரில் அந்தக் காற்று தங்காது. எவ்வளவு நேரம் அடித்தாலும் சீனி அடியில் தங்கி, மேலே எண்ணெய்தான் மிதக்கும். ஆகவே, இங்கே சொல்லப்பட வேண்டியது வேறு: குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பட்டரைச் சிறு சதுரங்களாக வெட்டிப் பத்து நிமிடமளவில் வெளியே வைத்து, விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக்கூடாது என்ற நிலையில் அடிக்கத் தொடங்க வேண்டும். வெயில் ஏறுமுன் காலையிலேயே இவ்வேலையை முடிப்பதும், அடிக்கும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் விட்ட தாம்பாளத்தில் வைப்பதும் நல்லது. மாஜரீன் சேர்ப்போர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பட்டரில் அது 80 சதவீதத்துக்குக் குறையாது, பாணுக்குப் பூசவென விற்கப்படுபவை சிலவற்றில் அதைவிடக் குறைவு, மிகுதி தண்ணீர்தான்.

அடுத்தது பழம். வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பெரிய மஞ்சட் பழம் ஒன்றிலிருந்து மூன்று மேசைக்கரண்டியளவு சாறு எடுக்கலாம். எங்கள் வளவுத் தேசிக்காயில் இரண்டு மூன்று தேக்கரண்டி கிடைத்தால் பெரிது. ஆனால் சாற்றின் அளவைக் காட்டிலும் முக்கியமான ஒன்றை அச்செய்முறை அறவே விட்டுவிட்டது. குக்கீயில் மணம் தருவது சாறு அன்று, தோல். தேசித் தோலின் பச்சைப் பகுதியில் கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகள் யாவும் எண்ணெய்ப் பைகள். லிமொனின் முதலான வாசனைப் பொருள்கள் அவற்றுள்தான் இருக்கின்றன. சாறு புளிப்பைத் தரும். அதில் இருக்கும் சொற்ப மணமும் போறணைச் சூட்டில் பெருமளவு பறந்துவிடும். எனவே, காயை வெட்டிப் பிழிவதற்கு முன்னரே நன்கு கழுவித் துடைத்து, கரட் சீவும் தகட்டின் மிக நுண்ணிய துளைகளில் உரச வேண்டும். தேசித் தோல் மெல்லியது. ஓரிடத்தில் இரண்டு தடவைக்கு மேல் உரசினால் உள்ளிருக்கும் வெண்சதை வந்துவிடும், அது கைக்கும். பழுத்து மஞ்சளாகித் தோல் தொய்ந்த பழத்தைவிட, விறைப்பான பச்சைக் காய் இதற்கு உகந்தது.

உரசிய தோலை மாவில் தூவச் சொல்வது வழக்கம். அதை விடுத்துச் சீனியோடு சேர்த்து விரல் நுனிகளால் இரண்டு நிமிடம் நன்றாகப் பிசைந்து பாருங்கள். பரல்கள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்க, சீனி இளம்பச்சை நிறமாகி ஈரமணல் போல் உருளத் தொடங்கும். அந்த வேளையில் எழும் மணம் பக்கத்து அறைக்கும் போகும். அதன் பின்னர்தான் பட்டரைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் அந்த எண்ணெயைக் கொழுப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். இவ்வளவும் செய்தால் போத்தலில் வரும் எசன்ஸுக்கு வேலையே இல்லை. என் அபிப்பிராயத்தில் அது குக்கீக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தின் வாசனையைத்தான் கொடுக்கிறது. தேசிக்குப் பதிலாகத் தோடம்பழமும் சேர்க்கலாம். இறக்குமதியாகும் தோடம்பழங்களின் தோலில் பெரும்பாலும் மெழுகு பூசப்பட்டிருக்கும் என்பதால் இளஞ்சூட்டு நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிபிலைப் பக்கத்திலிருந்து வரும் பழங்கள் பச்சைத் தோலுடன் இருப்பதைப் பார்த்துக் காய் என்று ஒதுக்க வேண்டாம். இரவுக் குளிர் போதாத வெப்ப நாடுகளில் பழம் உள்ளே இனித்த பிறகும் தோலின் பச்சை மறைவதில்லை.

கப் அளவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியக் கப் 250, எங்கள் வீட்டுத் தேநீர்க் கோப்பைக்கோ அளவே இல்லை. மாவை அரித்துத் தூவி நிரப்பினால் ஒரு கப் 120 கிராம் வரும், அதே கப்பால் பையிலிருந்து அள்ளினால் 150 கிராமையும் தாண்டும். இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று எங்கள் ஊருக்கே உரியது. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை அவித்து, அரித்து, ரின்னில் போட்டு வைக்கும் வீடுகளில் மா என்றதும் கை போவது அந்த ரின்னுக்குத்தான். அவித்த மாவில் பசைத்தன்மை கெட்டுவிடுவதால் கலவை ஒன்றையொன்று பற்றாது. குக்கீ எடுக்கும்போதே பொடிந்து விழும். அவிக்காத கோதுமை மா என்று ஒரு சொல் சேர்த்து அச்சிட்டால் போதும். மென்மை வேண்டுமென்றால் அதில் சிறிதளவுக்குப் பதிலாக, கஸ்டர்ட்டுக்குச் சேர்க்கும் வெள்ளைச் சோளமாவைக் கலந்துகொள்ளலாம்.

என்னை மிகவும் உறுத்தியது அச்செய்முறையின் இறுதி வரி. 350 பாகையில், பொன்னிறமாகும் வரை சுடவும் என்று அது முடிந்திருந்தது. 350 என்பது பரனைற்று அளவு. செல்சியஸில் ஏறத்தாழ 177. இங்கு விற்கப்படும் சிறிய மின் போறணைகள் பலவற்றின் குமிழில் 250க்கு மேல் இலக்கமே கிடையாது என்பதால், அதை வாசித்தவர் குமிழை இயன்ற மட்டும் திருகியிருப்பார். பொன்னிறம் என்ற அடையாளமும் இவ்வகைக் குக்கீக்குப் பொருந்தாது. புளிப்புள்ள கலவை சூட்டில் எளிதில் சிவக்காது. அப்பச்சோடா சாற்றின் புளிப்பை ஓரளவு தணித்தாலும், சாதாரண பட்டர் பிஸ்கற்றின் நிறம் தேசிக் குக்கீக்கு வராது. வரும்வரை காத்திருந்தால் உள்ளிருக்கும் ஈரம் முழுவதும் போய்விடும். ஓரம் மட்டும் சற்றே நிறம் மாறி, நடுப்பகுதி இன்னும் வேகவில்லையோ என்று ஐயப்படும்படி மங்கலாக இருக்கும்போதே தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டின் சூட்டில் அது ஐந்து நிமிடம் தானாக வெந்துகொள்ளும். அதற்குள் கிளப்பினால் உடையும். அதன் பின்னரும் தட்டிலேயே விட்டால் அடி இறுகும்.

மின்சாரமே இல்லாதிருந்த 1990களில் சிரட்டைக் கரியை மேலும் கீழும் இட்டுக் கேக் சுட்டவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். குமிழும் இலக்கமும் இன்றி, சூட்டைக் கையால் அறிந்தே அவர்கள் சுட்டார்கள். ஆகவே, விலையுயர்ந்த போறணை இருந்தால்தான் இது வரும் என்று நான் சொல்ல வரவில்லை. சரியான இலக்கத்தை அச்சிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இங்குள்ள நிலைமைக்கு ஏற்ற அளவுகளைத் தருகிறேன், வேண்டியோர் குறித்துக்கொள்ளலாம். 115 கிராம் பட்டர், அதாவது 227 கிராம் பைக்கற்றில் பாதி, 140 கிராம் சீனி, பரல் பெரிதாக இருந்தால் கிரைண்டரில் ஒரு சுற்றுச் சுற்றியது, மூன்று தேசிக்காய்களின் தோல் அல்லது ஒரு தோடம்பழத்தின் தோல், ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி தேசிச் சாறு, 180 கிராம் அவிக்காத கோதுமை மாவுடன் 15 கிராம் சோளமா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா சேர்த்து அரித்தது. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உப்புப் பட்டர் என்பதால் உப்பு வேண்டாம். தோல் பிசைந்த சீனியோடு பட்டரை வெளிறும் வரை அடித்து, முட்டையையும் சாற்றையும் சேர்த்து, கடைசியில் மாவை இட்டதும் அகப்பையால் மெதுவாகப் பிரட்டினால் போதும். மா மறைந்த பிறகும் கிண்டிக்கொண்டிருந்தால் குக்கீ இறுகும். கலவை கையில் ஒட்டும், அதற்காக மேலும் மா சேர்க்க வேண்டாம். சிறு தேசிக்காயளவில் உருட்டித் தட்டில் அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு, முன்கூட்டியே 175 பாகை செல்சியஸில் சூடாக்கிய போறணையின் நடுத்தட்டில், மேல் கீழ் இரண்டு கம்பிச் சூடும் போட்டு, பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் சுடவும். இரண்டாம் தொகுதியைச் சூடான தட்டில் அடுக்கினால் போறணைக்குள் போகுமுன்னரே உருகிப் பரவும், தட்டு ஆறட்டும்.

ஆறிய குக்கீஸை இறுக மூடும் ரின்னில் வைத்தால் நான்கைந்து நாட்களுக்கு மென்மை மாறாது. காற்று வறண்ட நாட்களில் உள்ளே ஒரு பாண் துண்டை வைப்பதுண்டு; பாண் காய்ந்து குக்கீ ஈரமாக இருக்கும். முறுக்கு வைத்த ரின்னில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இனி வெளியிடும் ஒவ்வொரு செய்முறையிலும் நிறையைக் கிராமிலும் வெப்பத்தைச் செல்சியஸிலும் தருமாறும், அனுப்புபவர் அதை இங்குள்ள சமையலறையில் எந்தப் பருவத்தில் செய்து பார்த்தார் என்பதைக் கேட்டு ஒரு வரியில் சேர்க்குமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நத்தார்ச் சிறப்பிதழுக்குக் குறிப்புகள் திரட்டத் தொடங்குமுன் இதை ஒழுங்கு செய்தால் நல்லது. அவ்விதழுக்குத் தோடம்பழக் குக்கீஸ் செய்முறையொன்றை இம்முறையில் எழுதி அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். நாரத்தங்காய்த் தோலைச் சேர்த்துச் செய்து பார்த்த வாசகர்கள் யாரேனும் இருந்தால், அதன் கைப்பை எவ்வாறு குறைத்தார்கள் என்று எழுத வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
கோண்டாவில்.