எப்படி இழுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாநகரப் பேருந்துப் படியிலும் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் வாசலிலும், அவசரத்தில் குழந்தையின் ஒரு மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவதைச் சென்னையில் எந்நேரமும் பார்க்கலாம். 1 முதல் 4 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழங்கை நழுவ அந்த ஒரு இழுப்பே போதும்.

முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலையை மோதிரம்போல ஒரு நார் சுற்றியிருக்கும். சிறு வயதில் அது இளசாக இருப்பதால், கை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் எலும்பின் மேல் வழுக்கி மூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. எலும்பு முறிவதில்லை, வீக்கமும் இராது. குழந்தை சற்று அழுது ஓய்ந்துவிடும். ஆனால் கையை லேசாக மடித்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பிஸ்கட்டை நீட்டினாலும் மறு கையால்தான் வாங்கும். மணிக்கட்டில் அடி என்று வீட்டில் நினைப்பார்கள்.

கோளாறு தொடங்குவது இதற்குப் பிறகுதான். கையை இழுத்தவர் பாட்டியாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். திட்டு விழுமே என்று வாயைத் திறக்க மாட்டார். ‘விளையாடும்போது விழுந்திருப்பான்’ என்றே மருத்துவரிடம் சொல்லப்படும். விழுந்தது என்றால் முழங்கைக்கு மேலே முறிவு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாக வேண்டும். இழுத்ததுதான் என்று தெளிவாகத் தெரிந்து, வீக்கமோ கன்றிப்போன தடமோ இல்லையென்றால் பெரும்பாலும் எக்ஸ்ரேயே தேவையில்லை. பயின்றவர் முன்கையை உரிய விதத்தில் திருப்பினால் சில நொடிகளில் ‘கிளிக்’ என்று சேர்ந்துவிடும். பெரும்பாலான குழந்தைகள் கால்மணி, அரைமணி நேரத்தில் அந்தக் கையால் பொம்மையை எடுத்துவிடுவார்கள். கட்டு போடத் தேவையிருக்காது. யார் இழுத்தாரோ அவரே மருத்துவமனைக்கு உடன் வருவது நல்லது.

எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பது மட்டும் வேண்டாம். உள்ளே முறிவு இருந்தால், நீவும்போது எலும்பு முனை நகர்ந்து ரத்தக்குழாயையும் நரம்பையும் காயப்படுத்தலாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் வீக்கத்துக்கு இடமின்றி ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். விரல்கள் சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, விரலை நீட்டிவிட்டதும் குழந்தை அலறினாலோ கட்டை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரியவர்களுக்கும் எப்படி நேர்ந்தது என்ற விவரம் முக்கியம். கபடியில் எதிரணியினர் காலைப் பிடித்திருக்க உடம்பு மட்டும் திரும்பி, ‘டப்’ என்ற சத்தத்தோடு 2 மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது, தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் மெல்ல வீங்கினால் குருத்தெலும்பைச் சந்தேகிக்கலாம். கைமல்யுத்தப் பந்தயத்தில் மேற்கை எலும்பே முறுக்கிக்கொண்டு முறிவதுண்டு. பிறகு மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை என்றால் நரம்பும் அடிபட்டிருக்கிறது.

குழந்தையைத் தூக்க இரு அக்குளிலும் கை கொடுங்கள். இறுக்கமான சட்டை போடும்போது, கைப்பகுதிக்குள் உங்கள் விரல்களை விட்டு அதன் கையை மெதுவாக வழிகாட்டி வெளியே கொண்டுவாருங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஊஞ்சலாட்டும் விளையாட்டு, பார்க்க அழகாக இருந்தாலும், வேண்டவே வேண்டாம். ஒருமுறை நழுவிய முழங்கை மறுபடி நழுவக்கூடும்.

16–24 மாதத் தடுப்பூசிக்கு மாநகராட்சி நலவாழ்வு மையங்களுக்கு வரும் பெற்றோரிடம், ஊசி போட்டபின் காத்திருக்கும் அரைமணி நேரத்தில், செவிலியர்கள் குழந்தையைத் தூக்கும் இந்த முறையை ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்ட மாநகராட்சி ஏற்பாடு செய்யலாம்.

– எலும்பு மூட்டு இயன்முறை மருத்துவர்கள் சிலர், சென்னை