எச்சரிக்கை விளக்கைப் படிக்காமலேயே பாகங்களை மாற்றிய சர்வீஸ் மையம் குறித்தும், மறுக்கப்பட்ட உத்தரவாதம் குறித்தும் புகார்

அனுப்புநர்: படகு உரிமையாளர் (எஞ்சின் வரிசை எண்ணும் முகவரியும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, எஞ்சின் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: ஆயில் அழுத்தம், கடல்நீர்ப் பம்பு அழுத்தம் ஆகிய இரண்டு எச்சரிக்கைகளும் ஒன்றாக எழுந்தது, தவறான பழுதறிதல், வசூலித்த தொகையைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் தயாரித்த ஸ்டெர்ன்டிரைவ் வகை (எஞ்சின் படகுக்குள்ளும், அதை உந்தும் டிரைவ் பின்புறத்தில் வெளியேயும் இருக்கும் வகை) பெட்ரோல் எஞ்சின் பொருத்திய உல்லாசப் படகு ஒன்றை நான் வைத்திருக்கிறேன். உத்தரவாதக் காலம் முடியாத அந்த எஞ்சினில் எச்சரிக்கை விளக்குகள் எரியத் தொடங்கியபோது, தங்களால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் ஒவ்வொரு வருகையிலும் ஒரு பாகத்தைக் கழற்றிப் புதிதாக மாட்டியதோடு, அதற்கான கட்டணத்தை என்னிடமே வாங்கிக்கொண்டது. கழற்றிய பாகங்களுள் ஒன்றுகூடப் பழுதானதன்று. எஞ்சினின் பின்புறத்தில் ஓர் இரும்புத் தாங்கியின் விளிம்பில் உரசி உரசி மேலுறை தேய்ந்துபோன ஒற்றைக் கம்பியில்தான் பழுது இருந்தது. அந்தக் கம்பிக் கட்டைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் தொழிற்சாலையிலேயே மாட்டப்படவில்லை. இந்த இரண்டு செய்திகளையும் சான்றுகளோடு தங்கள் முன் வைப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அறிகுறிகளைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன், ஏனெனில் சர்வீஸ் மையத்தின் வேலைச்சீட்டுகளில் அவை "விளக்கு எரிகிறது" என்ற இரண்டே சொற்களாகச் சுருங்கியுள்ளன. படகு துறையில் கட்டியிருக்கும்போதும், அமைதியான நீரில் மெதுவாகச் செல்லும்போதும் எந்தக் குறையும் தெரியாது. வேகம் கூட்டி, படகு முகம் தூக்கி நீர்மேல் வழுக்கிச் செல்லத் தொடங்கி, அலையில் இரண்டு முறை அடிபட்டதும் அலாரம் இடைவிடாமல் ஒலிக்கும். ஆயில் அழுத்த விளக்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்பின் அழுத்த எச்சரிக்கையும் ஒரே நொடியில் தோன்றும். எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படகு மீண்டும் நீரில் அமர்ந்துவிடும். அதே வேளையில் வெப்பமானியின் முள் வழக்கமான இடத்திலிருந்து அசைவதில்லை. ஐடிலுக்கு (சுமையின்றி மெதுவாக ஓடும் நிலைக்கு) கொண்டுவந்தால் எஞ்சினின் சுழற்சி ஏறி இறங்கித் தடுமாறும். சாவியை அணைத்து மீண்டும் போட்டால் எல்லா விளக்கும் மறைந்துவிடும், அடுத்த அலைவரை.

இத்தகைய எச்சரிக்கை வந்தால் உரிமையாளர் பார்க்க வேண்டியவை எவையோ அவற்றை நான் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியான அளவில் இருந்தது. நீர் கலந்தால் வரும் பால் நிறம் அதில் இல்லை. கடல்நீர் வடிகட்டியில் அடைப்பு இல்லை, புகைபோக்கி வழியே நீர் தாராளமாக வெளியேறியது, பெல்ட் இறுக்கமாக இருந்தது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குச் சற்று மேலும் காட்டியது. அதன் முனைகள் இரண்டும் சுத்தமாகவும் இறுக்கமாகவும் இருந்தன. இவ்வளவையும் தொலைபேசியில் விவரித்தபோது, சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் சில நொடிகள் எரிவது விளக்குகளைச் சோதிப்பதற்காகத்தான் என்று எனக்கு விளக்கம் அளிக்கப்பட்டது. அது உண்மைதான். ஆயில் அழுத்த விளக்கு எஞ்சின் ஓடத் தொடங்கும்வரை எரிந்துகொண்டிருப்பதும் இயல்பே. ஆனால் நான் கேட்டது நடுநீரில் அலாரம் ஒலிப்பதைப் பற்றி.

சர்வீஸ் மையம் படகை டிரெய்லரிலேயே வைத்து, டிரைவின் நீர் உறிஞ்சும் துளைகளில் குழாய்த் தண்ணீரைக் கொடுத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தது. அப்படி ஓட்டும்போது எஞ்சினுக்குச் சுமையும் இல்லை, அலையின் அதிர்வும் இல்லை. ஆகவே எச்சரிக்கையும் வரவில்லை. வராத பழுதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் ஊகத்தில் இறங்கினார்கள். ஆயில் அழுத்த சென்சாரை மாற்றினார்கள். எச்சரிக்கை திரும்ப வந்தது. அடுத்து, கடல்நீர் அழுத்தம் குறைவதாகக் காட்டுவதால் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கும் என்று அதை மாற்றினார்கள். கழற்றிய இம்பெல்லரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்: அதன் ரப்பர் இறக்கைகள் எதிலும் விரிசலோ முறிவோ இல்லை. அதன் பிறகு வந்த ஊகம் நான் தவறான ஆயிலை ஊற்றியிருக்கலாம் என்பது. அதற்கு மறுப்பாகத் தங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ஆயில் டப்பாக்களின் ரசீதுகளைக் காட்டியதும் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. இவ்வளவு நடந்தும், எஞ்சின் பிளாக்கில் ஆயில் சென்சார் இருக்கும் துளையில் ஒரு சாதாரண இயந்திர அழுத்தமானியைத் திருகி உண்மையான ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் வேலையை மட்டும் யாரும் செய்யவில்லை. சென்சாரையோ ஆயில் பம்பையோ சந்தேகிப்பவர் முதலில் செய்ய வேண்டியது அதுதான். அதற்கு ஆகும் செலவும் மற்ற எதையும்விடக் குறைவு.

இப்போது இப்புகாரின் மையத்திற்கு வருகிறேன். எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி விளக்கை மட்டும் எரியவிடுவதில்லை. எந்த அளவீட்டில், எவ்வகையான குறை என்பதைப் பிழைக் குறியீடாகவும் பதிவு செய்கிறது. இக்குறியீடுகளுக்கான எஸ்ஏஇ ஜே1939 என்ற தரமுறையில் எஸ்பிஎன் எண் எந்த அளவீடு என்பதையும், எஃப்எம்ஐ எண் எவ்வகைக் குறை என்பதையும் சொல்லும். எஸ்பிஎன் 100 என்பது எஞ்சின் ஆயில் அழுத்தத்தைக் குறிக்கும். அதனுடன் எஃப்எம்ஐ 1 சேர்ந்து வந்தால் சென்சார் சரியாக வேலை செய்கிறது, ஆயில் அழுத்தமே ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள். எஃப்எம்ஐ 4 சேர்ந்து வந்தால், சென்சாரின் மின்னழுத்தம் இருக்க வேண்டிய எல்லைக்குக் கீழே போய்விட்டது அல்லது கம்பி எர்த்தில் படுகிறது என்று பொருள். இரண்டு நிலையிலும் என் கண்முன் எரியும் விளக்கு ஒன்றே. முதலாவது எஞ்சினை உடனே நிறுத்தச் சொல்கிறது. இரண்டாவது மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கச் சொல்கிறது. என் எஞ்சினின் கணினியில் இருந்தது இரண்டாவது.

மூன்று கம்பிகள் கொண்ட இத்தகைய அழுத்த சென்சாருக்குக் கணினி 5 வோல்ட் ஆதார மின்னழுத்தத்தை அளிக்கிறது. சென்சார் தன் அளவீட்டைப் பொதுவாக 0.5 வோல்ட்டிலிருந்து 4.5 வோல்ட் வரைக்குள் திருப்பி அனுப்புகிறது. இந்த எல்லை காரணமில்லாமல் வைக்கப்பட்டதன்று. ஆயில் அழுத்தம் முற்றிலும் பூஜ்யமாகிவிட்டாலும் நல்ல நிலையில் உள்ள சென்சார் அரை வோல்ட்டையாவது அனுப்பும். ஆயில் அழுத்தம் எதுவாக இருந்தாலும் அதனால் மின்னழுத்தம் அதற்கும் கீழே விழ முடியாது. அப்படி விழுந்தால், மின்சுற்றில்தான் ஏதோ அறுந்திருக்க வேண்டும் அல்லது எதன்மீதோ பட்டிருக்க வேண்டும். சேமிக்கப்பட்ட குறியீட்டை ஒரு முறை திறந்து படித்திருந்தால், ஆயில் அழுத்தம் குறைவு என்ற முடிவுக்கோ, இம்பெல்லர் தேய்வு என்ற முடிவுக்கோ யாரும் வந்திருக்க முடியாது.

மேலும், ஆயிலும் கடல்நீரும் வெவ்வேறு பம்புகளால் வெவ்வேறு பாதைகளில் ஓடுபவை. அவ்விரண்டும் ஒரே நொடியில் அழுத்தம் இழந்து, சாவியைத் திருப்பியதும் ஒரே நொடியில் குணமாவது நடக்கக்கூடியதா என்று சர்வீஸ் மையத்தில் ஒருவர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு சென்சார்கள் ஒன்றாகப் புகார் செய்தால், அவ்விரண்டுக்கும் பொதுவானது எது என்று தேடுவதுதான் பழுதறிதலின் அரிச்சுவடி. என் எஞ்சினில் அந்த இரண்டு சென்சார்களும், உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரும் ஒரே 5 வோல்ட் வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. காற்றழுத்த அளவீடு பறிபோனதும் கணினி ஒரு மாற்று மதிப்பை வைத்து எரிபொருளைக் கணக்கிட்டது. ஐடிலில் தடுமாற்றம் வந்தது அதனால்தான். வெப்பச் சென்சார் இரண்டு கம்பிகள் கொண்ட, தனிச் சுற்றில் உள்ள ஒன்று என்பதால் வெப்பமானி மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடல்நீர் வருவது நின்றுவிட்ட எஞ்சினில் வெப்பம் ஏறாமல் இருக்குமா என்ற ஒரு கேள்வியே இம்பெல்லரைக் காப்பாற்றியிருக்கும்.

கடைசியில் நான் தனியாகத் தொழில் செய்யும் ஒரு படகு மின்பணியாளரை அணுகினேன். அவர் குறியீடுகளைப் படித்துவிட்டு, 5 வோல்ட் வழியில் மீட்டரை வைத்து, எஞ்சினை ஓடவிட்டபடியே வயரிங் கட்டை இடம் இடமாகப் பிடித்து அசைத்தார். எஞ்சினின் பின்புறத்தை எட்டியதும் 5 வோல்ட் சட்டென்று பூஜ்யத்திற்கு அருகே விழுந்தது. கட்டை அதே நிலையில் பிடித்துக்கொண்டு, அந்த வழியில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் செய்தார். சென்சார் ஒன்று உள்ளுக்குள் பழுதாகியிருந்தால் அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப வர வேண்டும். எல்லாவற்றையும் கழற்றியும் அது திரும்பவில்லை; எனவே குறை கம்பியில்தான் என்று உறுதியாயிற்று. கட்டைப் பிரித்துப் பார்த்தபோது தாங்கியின் கூர்மையான விளிம்பு கம்பியின் மேலுறையை அறுத்துச் செம்பு பளிச்சென்று வெளியே தெரிந்தது. கம்பியை மாற்றி, நெளிகுழாய்க்குள் செலுத்தி, கிளிப் போட்டு நிறுத்தினார். அதன் பின்னர் அதே அலைகளில் அதே வேகத்தில் ஓட்டியும் எந்த எச்சரிக்கையும் எழவில்லை.

மின்பணியாளரின் அறிக்கையுடன் உத்தரவாதத்தின்கீழ் தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டபோது, "உப்புநீர் அரிப்பினால் ஏற்படும் மின்கோளாறுகள் உத்தரவாதத்தில் அடங்கா" என்ற விதியைச் சுட்டிக்காட்டி மறுத்துவிட்டீர்கள். இம்மறுப்பை நான் ஏற்கவில்லை. உப்பால் அரிக்கப்பட்ட செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்; கம்பி கறுத்துப் பொடியும். இணைத்துள்ள படங்களில் காண்பது புதிதாகத் தேய்ந்த, மினுங்கும் உலோகம். அது உரசலே தவிர அரிப்பன்று. தாங்கியில் கிளிப்புக்கென்று இடப்பட்ட துளையின் ஓரத்தில் தொழிற்சாலைப் பெயின்ட் ஒரு கீறலும் இன்றி முழுமையாக உள்ளது. ஒருமுறையேனும் அங்கே கிளிப் பொருத்தப்பட்டிருந்தால் பெயின்ட் அப்படி இருந்திருக்காது. படகின் பொது வயரிங்குக்கே 18 அங்குலத்திற்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்று அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் ஈ-11 தரநிலை கூறும்போது, ஓயாமல் அதிரும் எஞ்சினின்மேல் செல்லும் கட்டு கூர்விளிம்பின்மீது பிடிப்பின்றிக் கிடந்ததற்கு உரிமையாளர் எப்படிப் பொறுப்பாவார்?

இது பணத்தோடு முடிகிற சிக்கலன்று. பெரிய கப்பல்கள் செல்லும் தடத்தைக் குறுக்கே கடக்கும்போது, கரையை நோக்கிக் காற்று தள்ளும் வேளையில், எஞ்சின் கேட்காமலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வது படகில் இருப்பவர்களை நேரடியாக ஆபத்தில் நிறுத்துகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. பொய்யான எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், சாவியை அணைத்துப் போட்டு விளக்கை மறையச் செய்யும் பழக்கம் எந்தப் படகோட்டிக்கும் வந்துவிடும். புலி வருது கதையில் நடப்பதைப்போல, ஆயில் உண்மையாகவே வற்றும் நாளில் அதே கை அதே சாவியைத் திருப்பும்.

தங்கள் பயனர் கையேட்டையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அதில் எச்சரிக்கை விளக்குகளுக்கென்று ஒரு பக்கம் உள்ளது. ஒவ்வொரு விளக்கின் எதிரிலும் "சர்வீஸ் மையத்தை அணுகவும்" என்ற ஒரே வரி அச்சிடப்பட்டுள்ளது. எதற்கு எஞ்சினை உடனே அணைக்க வேண்டும், எதற்கு மெதுவாகக் கரை சேரலாம் என்ற வேறுபாடுகூட அதில் இல்லை. என் படகின் திரை, படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்எம்இஏ 2000 இணைப்பின் வழியே எஞ்சினின் சுழற்சி, வெப்பம், எரிபொருள் செலவு என எல்லாவற்றையும் காட்டுகிறது. பிழை என்று வரும்போது மட்டும் "எஞ்சினைச் சோதிக்கவும்" என்பதோடு நின்றுவிடுகிறது. குறியீட்டை எழுதித் தருமாறு சர்வீஸ் மையத்திடம் கேட்டதற்கு, அது வாடிக்கையாளர்களுக்கு வழங்கப்படுவதில்லை என்று பதில் வந்தது. என் எஞ்சின் தன்னைப் பற்றிச் சொல்வதை நான் அறியக்கூடாது என்ற இந்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அதைத் தாங்களே படித்துச் சரிசெய்திருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, தேவையின்றி மாற்றப்பட்ட சென்சார், இம்பெல்லர் ஆகியவற்றின் விலையையும் அவற்றுக்கான கூலியையும், உண்மையான பழுதைக் கண்டுபிடித்த மின்பணியாளருக்கு நான் அளித்த தொகையையும் முழுமையாகத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுப்பாட்டுக் கணினியில் பதிவான குறியீடுகள் அனைத்தும் சர்வீஸ் மையத்தின் கணினியில் உள்ளபடியே எனக்கு வழங்கப்பட வேண்டும். எச்சரிக்கை நிலையில் ஓடியதைக் காரணம் காட்டிப் பின்னாளில் எஞ்சினின் வேறு பழுதுகளுக்கு உத்தரவாதம் மறுக்கப்படாது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். இதே தாங்கியும் இதே வயரிங் கட்டும் கொண்ட மற்ற எஞ்சின்களில் அந்தக் கிளிப் இருக்கிறதா என்று சோதிக்குமாறு தங்கள் சர்வீஸ் மையங்கள் அனைத்துக்கும் அறிவுறுத்தலாகாதா என்பதையும் தங்கள் கவனத்திற்கு விடுகிறேன். என் கோரிக்கைகளுள் எனக்கு நேரடிப் பயன் தராதது இது ஒன்றுதான், ஆயினும் முதலில் செய்ய வேண்டியது இதுவே என்று கருதுகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசி விளக்கங்களை இனிப் பதிலாக ஏற்க இயலாது. வேலைச்சீட்டுகள், ரசீதுகள், மின்பணியாளரின் அறிக்கை, குறியீடுகளின் பதிவு, தாங்கியின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். வெட்டி எடுத்த கம்பித் துண்டும் கழற்றிய இம்பெல்லரும் என்னிடம் உள்ளன. தங்கள் பிரதிநிதி முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வந்தால் அவற்றையும் தாங்கியையும் நேரில் பார்வையிடலாம், ஆனால் இப்புகார் தீரும்வரை அவற்றை என் கையிலிருந்து அனுப்புவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படகு உரிமையாளர்