வெள்ளீயம் பூசிய செம்பு என்று விற்று அலுமினிய வயரை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
படகு வயர்லெஸ், எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 24 கேஜ் ஹூக்-அப் வயர், ஆறு நிறம், ஆறு ரோல். தவறான பொருள் வந்ததால் பணத்தைத் திரும்பக் கேட்பது.

ஐயா / அம்மா,

மே முதல் வாரத்தில் உங்களிடம் ஆறு ரோல் ஹூக்-அப் வயர் (கருவிக்குள் இணைப்புக் கொடுக்கிற மெல்லிய வயர்) வாங்கினேன். ரோலுக்குப் பத்து மீட்டர். உங்கள் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது இது: 24 கேஜ், ஏழு இழை, வெள்ளீயம் பூசிய செம்பு, 105 டிகிரி தாங்கும் பிவிசி உறை. வந்ததோ செம்பு முலாம் போட்ட அலுமினியம். இரண்டு முறை மெயில் போட்டேன். இரண்டாவது மெயிலுக்கு நீங்கள் அனுப்பிய பதிலைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தொழில் விசைப்படகுகளில் வயர்லெஸ், ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில் பழைய பாக்கி வேலையை முடித்துவிட்டு, மீதி நேரத்தில் கிட்டார் எஃபெக்ட்ஸ் பெடல், அதாவது கிட்டார் சத்தத்தை மாற்றுகிற, காலால் மிதிக்கும் டப்பா, செய்வேன். சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், ஃபஸ் மாதிரிச் சின்ன சர்க்யூட்கள்தான். இந்தப் பக்கம் கோயில் பாடற்குழுவில் வாசிக்கிற பிள்ளைகள் கடையில் விற்கிற விலைக்கு வாங்க முடியாது. சாமான் செலவுக்கு நான் செய்து கொடுப்பேன்.

வயரை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஒற்றைக் கம்பி வயர் பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் சோதிக்கும் துளைப் பலகை) குத்திப் பார்ப்பதற்கும் போர்டுக்குள் ஜம்பர் போடுவதற்கும் நல்லது, வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும். ஆனால் போர்டிலிருந்து ஜாக்குக்கும் கால் ஸ்விட்சுக்கும் போகிற வயர், பேட்டரி மாற்ற மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அசையும். உறையை உரிக்கும்போது கம்பியில் லேசாகக் கீறல் விழுந்திருந்தால் போதும், ஒற்றைக் கம்பி அங்கேயே ஒடிந்துவிடும். அதனால் இழை வயர். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். 22 கேஜ் எடுத்தால், ஒன்பது கால் உள்ள ஸ்விட்சில் அத்தனையையும் கட்டிய பிறகு சின்ன டப்பாவின் மூடி மூடாது. 26 ரொம்ப மெல்லிசு. எனக்குக் கைக்கு வசதி 24. டெஃப்லான் உறை வயர் சால்டரிங் சூட்டுக்கு உருகாது, அருமையான பொருள், ஆனால் விலையும் அதிகம், உரிப்பதும் தலைவலி. பிவிசி போதும் என்று முடிவு செய்தேன். வெள்ளீயம் பூசியதுதான் வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் ஊரில் வெறும் செம்புக் கம்பி உறைக்கு உள்ளேயே கறுத்துப்போகும், பிறகு அதில் சால்டரிங் ஈயம் ஒட்டாது.

(உங்கள் பக்கத்தில் 'ஆடியோ கிரேடு', 'ஆக்சிஜன் இல்லாத செம்பு' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக நான் வாங்கவில்லை. 24 கேஜ் செம்பின் மின்தடை மீட்டருக்கு 0.084 ஓம். பெடலின் உள்ளீட்டு மின்தடை பெரும்பாலும் 10 லட்சம் ஓம். ஒரு சாண் வயரில் ஆக்சிஜன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?)

பார்சல் வந்த அன்றே உரித்துப் பார்த்தேன். இழை வெள்ளையாக இல்லை, சிவப்பாக இருந்தது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அது என் தப்பு. ஜூன் 13 அந்தோணியார் திருவிழாவுக்குள் இரண்டு பெடல் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சரி, வெறும் செம்பை மாற்றி அனுப்பிவிட்டார்கள், மூடிய டப்பாவுக்குள்தானே இருக்கப் போகிறது என்று வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

முதல் இணைப்பிலேயே உறை சுருங்கி அரை விரல் பின்னால் ஓடியது. சால்டரிங் இரும்பு 350 டிகிரியில் இருந்தது, இரண்டு விநாடிக்கு மேல் வைக்கவில்லை. மற்ற பிவிசி வயரும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், ஆனால் இது மெழுகு மாதிரி ஓடியது. பக்கத்துக் காலில் தொடாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் போட்டேன். ஒரு வயரை இடம் மாற்ற வேண்டி வந்தது. கழற்றித் திரும்பவும் வைத்தால் ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, ஒட்டவே இல்லை. மேல்பூச்சாக இருந்த கொஞ்சச் செம்பு முதல் சூட்டிலேயே ஈயத்தோடு கரைந்துபோய், உள்ளே இருந்த அலுமினியம் வெளியே வந்திருக்கிறது. சாதாரண ஃபிளக்ஸுக்கு (ஈயம் ஒட்ட உதவும் பசை) அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது. இதெல்லாம் பிறகு யோசித்தபோது புரிந்தது. அன்றைக்கு ஈயத்தைத்தான் திட்டினேன்.

திருவிழாவுக்கு முந்தின இரவு. என் அக்கா மகன் திருப்பலிக்கு முன்னால் பெடலின் மூடியைத் திறந்து புது 9 வோல்ட் பேட்டரி போட்டிருக்கிறான். காணிக்கைப் பாட்டு நடுவில் கர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் கிட்டாரே கேட்கவில்லை. அவன் ஸ்விட்சை மிதிக்கிறான், மிதிக்கிறான், ஒன்றும் வரவில்லை. மறுநாள் திறந்து பார்த்தேன். வெளியே போகிற ஜாக்கின் வயர் ஈயத்தை ஒட்டிய இடத்தில் ஏழு இழையும் ஒடிந்து கிடந்தது. ஒடிந்த முனை வெள்ளையாக இருந்தது.

செம்பில் வெள்ளீயம் பூசியிருந்தால் வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. உங்கள் வயரில் வெளியே சிவப்பு, சுரண்டினால் வெள்ளை. அப்படியே தலைகீழ். ஒரு இழையை லைட்டர் நெருப்பில் காட்டினேன், துவண்டு உதிர்ந்தது. என்னிடமிருந்த பழைய வயரின் இழை சிவக்கக் காய்ந்தும் அப்படியே நின்றது. அதோடு விடவில்லை. ஒரு மீட்டர் உரித்துச் சுருட்டி, தங்கச்சிமடத்தில் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். 0.2 மில்லிமீட்டர் இழை ஏழு, ஒரு மீட்டர் நீளம் என்றால், செம்பு ஏறக்குறைய 2 கிராம் இருக்க வேண்டும். காட்டியது 0.76. கடைக்காரர் ஒரு துண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, செம்புக்குமா கவரிங் போட ஆரம்பிச்சுட்டாங்க?" என்று கேட்டார்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். "கடலோரப் பகுதியின் உப்புக் காற்றால் ஏற்பட்ட பாதிப்பு, எங்கள் பொறுப்பல்ல. வெட்டிய வயரைத் திரும்ப எடுப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

உப்புக் காற்றைப் பற்றிப் பாம்பன்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1914-இல் திறந்த எங்கள் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில்தான் புதுப் பாலம் திறந்தது. பழைய பாலத்துக்கு உப்புக் காற்று என்ன செய்தது என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். உலோகம் அரிப்பதை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. இந்தக் காற்று இரும்பைத் தின்னும், செம்பைப் பச்சையாக்கும். செம்பை அலுமினியமாக்குகிற வித்தை அதற்குத் தெரியாது. உங்கள் வயர் என் வீட்டில் இருந்ததே ஐந்து வாரம். நான் படகில் இழுத்த வெள்ளீயம் பூசிய வயர் கடல் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

வெட்டாமல் வயரைச் சோதிக்கிற வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன். அதையும் மனதில் வைத்துத்தான், கட்டுப் பிரிக்காமல் இருந்த நீல ரோலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்துச் சுரண்டினேன். அதுவும் அலுமினியம்தான். வீடியோ, பில், உங்கள் பக்கத்தின் படம், தராசின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது: ஆறு ரோலுக்கான 1,140 ரூபாயும் கூரியர் 90 ரூபாயும். மிச்ச வயரை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் 'செம்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு உள்ளதை எழுதுங்கள். அலுமினிய வயர் விற்பது குற்றமென்று நான் சொல்லவில்லை, செம்பு என்று சொல்லி விற்பதுதான் குற்றம். இரண்டு பெடலையும் பிரித்து வேறு வயர் போட்டதற்கான என் கூலியைக் கேட்கவில்லை. பாட்டு நடுவில் பையன் பட்ட பாட்டுக்கும் விலை போடவில்லை.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன, எனக்கு வேலை நெருக்கடிதான். ஆனாலும் இராமநாதபுரத்துக்கு ஒரு பஸ் ஏற எனக்கு நேரம் இருக்கும்.

பச்சை ரோலை மட்டும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். எடுத்துப்போகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்களே பிரித்து, ஒரு பிளேடால் சுரண்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாம்பன்.